பெயர் எழுதும் கட்டம்

காலையில் கம்பெனியின் வலைத்தளத்தைத் திறந்தால் மறுபடியும் சூதாட்டப் பக்கம் வந்தது. சங்கீதா நேற்றுதான் அதைச் சரிசெய்திருந்தாள். உள்ளே யாரென்று தெரியாத நிர்வாகி கணக்கு ஒன்று புதிதாக முளைத்திருந்தது. நீக்கினாள். ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துத் தரும் சின்னக் கம்பெனி. வலைத்தளம் அவள் பொறுப்பு. ஆனால் ஆர்டர் கேட்டு வரும் செய்திகளை முதலாளி உமர் ஃபாரூக் மட்டுமே திறப்பார். அவருடைய அப்பா காலத்து வழக்கம். ஒன்றையும் அழிக்க விடமாட்டார்.

அவற்றில் ஒரு செய்தியை அவர் திறந்தபிறகே ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு முளைப்பதை இன்றுதான் கவனித்தாள். ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய ஆர்டர் அது. அதை நம்பி, வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பிய தையல் பெண்களை அவர் திரும்ப வரச் சொல்லியிருந்தார். வலைத்தளத்தின் ஆர்டர் படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தில், பெயரை ஒட்டிச் சில நிரல் வரிகள் இருந்தன. படிவத்துக்குப் போட்ட பிளக்-இன் என்ற துணை மென்பொருள் அவற்றை வடிகட்டாமல் அப்படியே சேமித்திருந்தது. திறப்பவரின் அதிகாரத்தில் அவை ஓடி, புது நிர்வாகி கணக்கை உண்டாக்கும். அவர் தினமும் திறந்திருக்கிறார்.

அவர் அறைக்குப் போனாள்.

“பாய், இது ஆர்டர் இல்ல. நீங்க தொறக்கத் தொறக்க எவனோ உள்ள வர்றான்.”

“நான் தொறந்ததாலயா?”

“ஆமா பாய். பேரு எழுதுற எடத்துல கோடு ஒளிச்சு வச்சிருக்கான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேர்லதானம்மா கோளாறு? கீழ சைஸு, கலரு எல்லாம் கேட்டுருக்கானே.”

“அதே லெட்டர் வேற கம்பெனிக்கும் போயிருக்கு பாய். நெட்டுல இருக்கு. ஷூன்ற எடத்துல குக்கர்னு போட்டுருக்கான்.”

கதவருகே கோவிந்தம்மாள் வந்து நின்றாள். தையல் பெண்களில் மூத்தவள்.

“இன்னா பாய், மிஷினு கவரெல்லாம் எடுத்துட்டோம். ஜெர்மன்காரன் கலர் சொன்னானா, இல்ல எங்களப் பாத்து பயந்துட்டானா?”

அவளுக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். அவர் சங்கீதாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“எண்ணெ போட்டு ஓட்டிப் பாருங்கம்மா.”

அவர்கள் போனார்கள்.

“அழிச்சிரவா பாய்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையல் கூடத்தைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது. பிறகு அடுத்தது. கோவிந்தம்மாள் ஒரு கழிவுத் தோலை ஊசிக்கடியில் தள்ளினாள். நூல் கோக்காத ஊசி அதில் நேராக, வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போனது.