வெள்ளிக்கிழமைப் பொகை

இஸ்திரி வண்டியில கரி போடக் கூடாதுன்னு கார்ப்பரேஷன்ல சொன்னாங்க. சொன்ன வாரமே கரிப் பெட்டிய கடாசிட்டு கேஸ் பெட்டி வாங்கினவ இந்தச் செண்பகம். மந்தைவெளியில மொத ஆளு நான்தான். பொகையாலதான் ஊரு சூடாவுதாம், கண்ட நேரத்துல மழை கொட்டுதாம். சரி, நமக்கு எதுக்கு வம்புன்னு மாறிட்டேன். அப்பவும் என்னை வுட்டாங்களா?

வண்டிக்கு நேர் மேல கம்பத்துல ஒரு வெள்ளை டப்பா மாட்டிட்டுப் போனாங்க. அது பொகைய மோந்து, போட்டோ புடிச்சி, யாரு வுட்டதுன்னு அதுவே முடிவு பண்ணி போனுக்கு மெசேஜ் அனுப்புமாம். நடுவுல மனுசனே கெடையாது. மூணு மெசேஜ் வந்தா எடம் போச்சு.

மொத மெசேஜ் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துச்சி. எனக்கு சிரிப்புதான். "கேஸ்ல இன்னா பொகை கீது, உன் மூக்குல இடி வுழ?"ன்னு டப்பாவ அண்ணாந்து பாத்து கேட்டேன். ஆபீசுக்குப் போன் போட்டா, ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்லிக்கினே இருந்துட்டு கட் ஆயிட்ச்சி.

எதிர் வூட்டு காமாக்ஷி மாமி புடவை குடுக்க வந்தாங்க. "புதுப் பெட்டியோட ஜோரா நிக்கறயோன்னோ, கண்ணு பட்டுடுத்துடி"ன்னாங்க. எனக்கும் அதே சந்தேகம்தான். பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரன் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமையானா வண்டிக்கு சாம்பிராணி போடுறது என் பழக்கம். மெசேஜ் வந்த அடுத்த வாரம் தட்டு நெறைய போட்டேன். காஞ்ச மொளகா, உப்பு எல்லாம் சுத்தி நெருப்புல கொட்டினேன். தெருவுல போறவன்லாம் இருமுறான், எனக்கு நெடியே வரல. அய்யோ, இம்மாம் திருஷ்டியான்னு பதறிட்டேன். அன்னிக்கே ரெண்டாவது மெசேஜ்.

பயந்து போயி அடுத்த வெள்ளி தேங்கா நாரு, கற்பூரம்னு எல்லாத்தையும் கொளுத்திட்டேன். மூணாவதும் வந்துட்ச்சி.

மறுநாள் ஆபீசுலேந்து வர்ஷினின்னு ஒரு பொண்ணு வந்துச்சி. டப்பா புடிச்ச போட்டோவ காட்டிச்சி. மூணுத்துலயும் நான்தான், கையில சாம்பிராணித் தட்டு, கண்ண மூடி கும்புட்டுக்கினு கீறேன்.

"மேடம், இது தொழில் பொகை இல்ல, சாமிக்குப் போட்டது!"

அதுக்கு மூஞ்சி மலர்ந்துச்சி. "வீட்டு சாம்பிராணிக்கு விலக்கு இருக்கும்மா. இந்தத் தெருவுல உங்க வீட்டு நம்பர் சொல்லுங்க, நானே இந்தப் புகார எடுத்துடறேன்."

"வூடு பெரும்பாக்கம் மேடம். ஆத்தோரத்துல இருந்தோம், காலி பண்ணி அங்க கொண்டு போய் வுட்டாங்க. தெனம் பஸ்லதான் வரேன்."

போனுல நம்பர தட்டிப் பாத்துச்சி. வேற மாதிரி தட்டிப் பாத்துச்சி. ஒண்ணும் நடக்கல. பாவம், அதுக்கே கண்ணு கலங்கிட்ச்சி. "அட்ரஸ் இங்க இல்லன்னா ஏத்துக்க மாட்டேங்குதும்மா. நாளைக்கு வண்டிய எடுத்துடுங்க. பெரும்பாக்கத்துல வீட்டுப் பக்கமே போட்டுக்கலாமே? அங்க டப்பா கூட இல்ல."

எனக்கு எங்கேந்து அவ்ளோ கோவம் வந்துச்சோ.

"அங்க யாரும்மா எனக்குத் துணி குடுப்பா? அந்தக் கட்டடம் பூரா என்னை மாதிரி அடுத்தவங்க துணிய தேய்க்கிறவங்கதான் கீறாங்க."