சிவப்பு மையில் ஒரு பெயர்

ஜப்பானின் வாகாமாத்சு துறைமுகத்துக்குக் கரிக்கப்பல் வருவது குறைந்து இரண்டு வருஷமாகிவிட்டது. அன்று காலை வந்த ஒன்றை இசோகாயின் ஆட்கள் காலி செய்துகொண்டிருந்தார்கள். நவம்பர் காற்று கரித்தூளை வாரி முகத்தில் அடித்தது. மேஸ்திரியான அவன் கரையில் நின்று கத்தினால் போதும். ஆனாலும் இசோகாய் விடிந்ததிலிருந்து கூடையைத் தோளில் ஏற்றிப் பலகையில் நடந்துகொண்டிருந்தான். நாற்பத்தாறு வயசுத் தோள். சும்மா நின்றால் மனசு முகினோவிடம் போய் நிற்கிறது. முகினோவைக் கொல்ல அவனுக்கு இன்று ஒரு பகல்தான் மிச்சம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பொதுக் குளியல் கூடத்திலிருந்து ஈரத் துண்டோடு வெளியே வந்த சாகாகியை, நவாத்தே கோஷ்டியின் முகினோ வயிற்றில் குத்தினான். நான்காவது துறை யாருக்கு என்ற தகராறு. சாகாகி இசோகாய்க்கு அண்ணன். கூடப் பிறந்தவன் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே கிண்ணத்தில் சாக்கே மது குடித்து அண்ணன் தம்பி ஆனவர்கள். இருவருக்கும் தகப்பன் இடத்தில் இருந்து கிண்ணம் கொடுத்தவர் கோஷ்டித் தலைவர் தொனோமுரா. சாகாகி சாகும்போது அவன் தலை இசோகாயின் மடியில் இருந்தது. "அவனை நான் பாத்துக்கறேன் அண்ணே" என்று இசோகாய் சொன்னான். காதில் விழுந்ததோ இல்லையோ, சொன்னது சொன்னதுதான்.

நாளை மதியம் இரண்டு கோஷ்டிக்கும் சமாதானம். முதுகோடு முதுகாக வைத்த இரண்டு மீன்களை வயிற்றோடு வயிறாகத் திருப்பி வைத்துக் கிண்ணம் குடிப்பார்கள். அதற்குப் பிறகு முகினோமேல் கை வைப்பவன் நாயிலும் கேடு. இன்றைக்கே செய்தாலும் பழி தொனோமுராவின் வீட்டின்மேல்தான், அவர் கோஷ்டியின்மேல்தான் விழும். வழி ஒன்றுதான். வீட்டை விட்டு விலக்கப்பட்டவன் செய்ததற்கு வீடு பொறுப்பில்லை. இன்னான் இனி எங்கள் ஆள் இல்லை என்று அட்டை அடித்து, மற்ற வீடுகள் எல்லாவற்றுக்கும் தபாலில் அனுப்புவார்கள். கறுப்பு மை என்றால் காலம் ஆறியபின் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். சிவப்பு மை என்றால் அத்தோடு சரி. எந்த வீடும் அவனுக்கு வேலை கொடுக்கக் கூடாது, ஒரு வாய் சோறு போடக் கூடாது.

கறுப்பு அட்டை கேட்கத்தான் இசோகாய் மதியத்துக்கு மேல் போக இருந்தான். காரியத்தை முடித்து, பன்னிரண்டு வருஷம் ஜெயிலுக்குள்ளே இருந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மதியம் சாகாகியின் மனைவி புசாயேயின் கடையில் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டான். அவள் கண்ணை மறைத்த ஆவியை விலக்கிவிட்டு அவன் இடுப்பைப் பார்த்தாள்.

"துணி பெரிசா சுத்தியிருக்கே. குளிரா, கத்தியா?"

"குளிர்தான் அண்ணி."

"பொய் சொல்றப்ப உங்க அண்ணனும் இப்படித்தான் கிண்ணத்துக்குள்ள மூஞ்சிய விட்டுக்குவாரு." அவள் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். "போறதுன்னா போ. ஆனா அண்ணிக்காகப் போறேன்னு எவன்கிட்டயும் சொல்லாத. முகினோ செத்துட்டா மட்டும் நாளைக்கு எனக்கு யாரு மாவு பிசைவா? உங்க அண்ணனா வரப்போறாரு?"

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி."

"அவரு எத்தனையோ பேருகிட்ட என்னென்னமோ சொன்னாரு. கூரை மாத்தித் தரேன்னு எங்கிட்ட எட்டு வருஷமா சொன்னாரு. ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. நீளமா உறிஞ்சாத, மெதுவா சாப்பிடு."

அவன் போனபோது தொனோமுரா தொலைக்காட்சியில் சூமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. கால்களை வெந்நீர் வாளியில் விட்டிருந்தார்.

"காலைத் துடைச்சிட்டு வாடா. பாய் புதுசு."

இசோகாய் துடைத்துவிட்டு வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான். "அய்யா, என்னை வீட்டை விட்டு விலக்கிடுங்க."

"பாரு இவனை. உடம்பு மலை மாதிரி, காலு ரெண்டும் முள்ளங்கி. விழுவான் பாரு... விழுந்துட்டான்." கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகும் திரும்பவில்லை. "கேப்பேன்னு தெரியும். சாமி மாடத்துக்குக் கீழ இழுப்பறை இருக்கு. திற."

உள்ளே காகித நூலால் கட்டிய ஒரு கட்டு அட்டை. முப்பத்திரண்டு வீட்டு விலாசமும் எழுதி, தபால்தலையும் ஒட்டியாயிற்று. இசோகாய் மேலே இருந்ததைத் திருப்பிப் பார்த்தான். தன் பெயர். பளிச்சென்ற சிவப்பு.

"அய்யா, அச்சாபீஸ்காரன் மையை மாத்திப் போட்டுட்டான்."

"மாத்தல. நான்தான் சொன்னேன்."

இசோகாய் தேதியைப் பார்த்தான். நவம்பர் ஒன்பது என்று அச்சடித்திருந்தது. சமாதானப் பேச்சே பதினைந்தாம் தேதிதான் ஆரம்பித்தது. பேச ஆரம்பிக்கும் முன்பே இவனை வெட்டி எடுத்து இழுப்பறையில் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு கிழவர் எத்தனை நாள் இவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டான்.

"கறுப்புல அடிச்சா நாடகம்னு நவாத்தேவுக்குத் தெரியாதா? பச்சைப்புள்ளையா அவன்?" கிழவர் இப்போதுதான் திரும்பினார். "முகினோ போயிட்டா நவாத்தே பல்லில்லாத வாய். நாளைக்குக் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிப்பான். நாலாந்துறை நம்மளுது. அண்ணன் பழியும் தீந்துது. வேற என்னடா வேணும் உனக்கு?"

"வெளிய வந்தப்புறம் நான் எங்கய்யா போவேன்?"

"பன்னெண்டு வருஷத்துச் சுமையை இன்னைக்கே ஏன் தலையில ஏத்தறே? அப்ப நானே இருக்கமாட்டேன். சாகாகி உனக்கு அண்ணனா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"அண்ணன்தான்."

"அப்ப எந்திரி. நீ முடிச்சிட்டேன்னு சேதி வந்ததும் இதைத் தபால்ல போடச் சொல்றேன்."

இசோகாய் எழுந்தான். கயிற்றில் முடிச்சு தப்பாக விழுந்தால் கை தானாகப் போய்ச் சரிசெய்வதுபோல, வாய் தானாகச் சொன்னது. "முந்தியே போகணும் அய்யா. உள்ள ஒன்பதாந்தேதின்னு இருந்தாலும் தபால் முத்திரையில தேதியும் நேரமும் விழும். காரியத்துக்குப் பின்னாடி விழுந்தா நாடகம்னு ஆயிடும்."

கிழவர் மறுபடி தொடையில் தட்டினார். "அட! முப்பது வருஷமா வீட்டை நடத்தறேன், இது தோணலையே. போற வழியில நீயே போட்டுட்டுப் போ." திரும்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "உன்ன மாதிரி ஒருத்தன் இனிமே கிடைக்கமாட்டான்டா" என்றார். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

தபால் பெட்டியின் வாய் குறுகல். மூன்று தடவையாகப் பிரித்துத் திணிக்க வேண்டியிருந்தது. கடைசிக் கத்தை உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. நாலரை மணிக்குத் தபால்காரன் எடுப்பான். ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கு நாளைக் காலையில் போய்விடும், நாகசாகிக்கு மறுநாள். பத்தொன்பது வருஷ வாழ்க்கை, ஒரு கைப்பிடிகூட இல்லை.

முகினோ இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். மூன்று மாதமாகப் பின்னால் போய்ப் பார்த்தது. இந்தச் சில நாளாகத் தினமும் இந்த நேரத்துக்கு அக்கரை தொபாதா ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போவான். படகுத் துறைப் பெஞ்சில் தனியாகத்தான் இருந்தான். சமாதானத்துக்காக நவாத்தே அவனிடம் இடக்கைச் சுண்டுவிரலைத் தண்டனையாக வெட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தான்; கொடுத்துவிட்டான். அந்தக் கையில் பெரிய வெள்ளைக் கட்டு. தீக்குச்சியைப் பற்றவைக்க முயன்று ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

இசோகாயைப் பார்த்ததும் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். "நின்னுக்கிட்டே குத்தறியா, உக்காந்து பேசிட்டுக் குத்தறியா?"

"தள்ளி உக்காரு."

முகினோ நகர்ந்தான். இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். எண்ணெய் மிதந்தது.

"வெளிய வரப்பதான் குத்தணுமா?" என்றான் இசோகாய். "குளிக்க உள்ள போறப்பவே குத்தியிருக்கலாமே."

"அப்பவே குத்தத்தான் வந்தேன். தலையில இருந்து கால் வரைக்கும் கரி, கண்ணு மட்டும் தெரியுது. நாள் முழுக்கச் சுமந்துட்டு வந்திருக்கான், குளிச்சிட்டுப் போகட்டும்னு நின்னேன்." முகினோ கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். "முக்கால் மணி நேரம் மழையில நின்னேன். உங்க அண்ணன் உள்ள பாட்டு வேற பாடினாரு. கேவலமா இருந்துச்சு."

"அவருக்குப் பாட வராது."

"அதைத்தான் சொல்றேன்."

இசோகாயின் கை இடுப்புத் துணிக்குள் இருந்தது. கத்தி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. "என்னை விலக்கிட்டாங்க. சிவப்பு. இப்பத்தான் தபால்ல போட்டுட்டு வரேன்."

முகினோ திரும்பிப் பார்த்தான். "சிவப்பா? நீயே போட்டியா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டான். "அப்ப குத்து. கேக்க நாதியில்ல."

"குத்தினா நாலாந்துறை தொனோமுராவுக்கு. ஒன்பதாந்தேதியே எழுதி வச்சிட்டாரு. இதுல அண்ணனுக்கு எது?"

"அண்ணன்கிட்ட சொன்ன வார்த்தை? ஊருக்கே தெரியுமே."

"அதை மீறுறேன்." இசோகாய் கையை வெளியே எடுத்தான். கத்தி உள்ளேயே இருந்தது. "அண்ணனுக்குக் குத்தணும்னா அன்னைக்கே குத்தியிருக்கணும். உத்தரவு வாங்கிட்டுக் குத்தலாம்னு போனேன் பாரு, அது என் தப்பு."

முகினோவுக்குக் கோபம் வந்தது. "மூணு மாசமாச் சுவத்துல முதுகை வச்சித் தூங்கறேன்யா. விரலையும் வெட்டிக் குடுத்துட்டேன். இப்ப வந்து மாட்டேங்கறே. என்ன நினைச்சிட்டிருக்கே?"

"நாளையில இருந்து மல்லாந்து படு."

படகு வந்து மோதியது. இருவரும் ஏறினார்கள். இசோகாயின் படுக்கை தொனோமுராவின் குடியிருப்பில் இருந்தது; அதற்காகத் திரும்பிப் போனால் ஏன் என்று கேட்பார்கள். கட்டியிருந்த துணியோடு அக்கரைக்குப் போவதுதான் சுலபம். முகினோ பையிலிருந்து சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து, ஒற்றைக் கையால் பெஞ்சில் அழுத்தி உடைத்துப் பாதியை நீட்டினான். "அட்டை நாளைக்குத்தானே வரும். இன்னைக்குத் தின்னலாம்."

"உன் கையால வேண்டாம்."

முகினோ இரண்டு பாதியையும் தானே தின்றான்.

தொபாதாவில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் கொட்டகை முன்னால் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். சன்னலுக்குள் இருந்தவன் தலை நிமிராமல் கேட்டான். "எந்த வீட்டு ஆளு?"

"எந்த வீடும் இல்ல."

"எந்த வீடும் இல்லாதவனுக்கு சிமெண்டு மூட்டைதான். கூலி கம்மி. தங்க இடம் கூரை ஒழுகும். பேரு?"

இசோகாய் தன் பெயரை முழுசாகச் சொன்னான். அவன் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, "பின்னாடி போய்ப் போர்வை வாங்கிக்க, கிழிசல் இல்லாததாப் பாத்து எடு" என்றான்.