முழங்கை வரை வளையல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஏன் இன்ஸ்டாவே கதியென்று கிடக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. பாதியில் பூங்குழலி புகுந்து கெடுத்தாள். செஞ்சியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். மொட்டைமாடியில், பின்னால் ராஜகிரிக் கோட்டை தெரிய, ஆடி ரீல்ஸ் போடுகிறாள். ஆட்டம் சுமார்தான்.

என் முதல் வரி: 'விளம்பர மோகம் பிடித்த இந்தத் தலைமுறை, முழங்கை வரை வளையல் அடுக்கிக்கொண்டு...'

(அடித்துவிட்டேன்.)

2

வளையல் அழகுக்கு இல்லை. கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டதில் வந்த கொப்புளத்தை மறைக்க. உரசினால் எரியும், இருந்தும் போடுகிறாள். அம்மா பார்த்தால் அழுவாள்.

அம்மா கலைவாணி கோபித்துக்கொண்டு அனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்கிறாள். [சண்டைக்குக் காரணம் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் ஒருவர் கெட்டவராகிவிடுகிறார். வேண்டாம்.] அப்பா கன்னியப்பன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "உங்கம்மாகிட்ட பேசினன்னு தெரிஞ்சுது, போனைப் புடுங்கிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பேசக் கூடாது என்றுதானே சொன்னார், பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது பூங்குழலியின் நியாயம். அவள் எது போட்டாலும், செம்பருத்திப் படம் வைத்த ஒரு கணக்கு இதயம் ஒன்றை வைத்துவிட்டுப் போகும். வாய் திறக்காது. எத்தனை லைக் என்று வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள். அவளுக்கு ஒன்று போதும்.*

* பொழுதுபோக்கு, புகழாசை என்று நான் சேர்த்துவைத்த காரணங்களும் பொய்யில்லை. அவளுக்கும் அதெல்லாம் உண்டு. பதினாறு வயது.

3

ஒரு முடிவு வைத்திருந்தேன்: அப்பா கைபேசியைச் சுவரில்... இல்லை, அந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. இன்னொன்று: அம்மா பஸ்ஸைவிட்டு இறங்குகிறாள். எனக்கும் ஆசைதான். என் ஆசைக்காக அவள் ஏன் வர வேண்டும்?

நடந்தது இதுதான். மண்டியில் யாரோ மகளின் ரீல்ஸைக் காட்டியிருக்கிறார்கள். இதயம் வைத்தவர்கள் வரிசையில் அந்தப் படமும் இருந்திருக்கிறது. தன் வீட்டு வாசல் செம்பருத்தி கன்னியப்பனுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாடிக்கு வந்துவிட்டார்.

"இத உங்கம்மா பாக்குறாளா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாக்குது, நைனா."

அவர் கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையைக் கையால் படியவைத்தார். மகளுக்குப் பக்கத்தில் வந்து விறைப்பாக நின்றார்.

"எடு."

4

எடுத்துவிட்டாள். இன்னும் போடவில்லை. போட்டால் அம்மா வரலாம். அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று பயந்து அந்தக் கணக்கையே மூடிவிடவும் செய்யலாம். அப்புறம் அந்த ஒரு இதயமும் இல்லை. அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவசரப்படுத்தவில்லை. பூங்குழலி என்னைக் கேட்கிறாள். எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், போடட்டுமா?