உப்பு அக்காவுக்கு ஒரு படையல்

அன்று காலையும் சுதர்ஷினி அகப்பையிலிருந்து பருப்புக் கறியில் ஒரு சொட்டை கணவன் ஜெயகுமாரின் உள்ளங்கையில் விட்டாள். பாடம் எடுக்கப் பாடசாலைக்குக் கிளம்பிய கோலத்தில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் சமையலறை வாசலில் நின்றிருந்தான். நக்கிப் பார்த்தான்.

"கொஞ்சம் வேணும்."

"கொஞ்சம்னா? உங்க கொஞ்சமா, ஊர்க் கொஞ்சமா?"

"ஊர்க் கொஞ்சம்."

அவள் சிரித்துக்கொண்டே உப்பை அள்ளிப் போட்டாள். மரக்கறி எடுக்க ஹாலிஎலவுக்குப் போய்வருவதாகச் சொன்னாள். போஞ்சி நன்றாக இருந்தால் போஞ்சி, இல்லாவிட்டால் லீக்ஸ். "போயிட்டு வர்றேன், பருப்ப மூடி வைங்க" என்றாள். அவன் மூடி வைத்தான்.

போஞ்சி நன்றாக இருந்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை. மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். பிறகு சாய்ந்துவிட்டாளாம். அவளுடைய சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்து மசாலாக் கடை அலவி நானாதான் மோட்டார் சைக்கிளில் பாடசாலை வாசலுக்கு வந்தார். "ஏறுங்க சேர்" என்றார். பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர், தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். ஜெயகுமார் ஏதோ வகுப்பில் இருப்பவனைப் போலத் தலையாட்டினான்.

சுதர்ஷினியை நாடறியச் செய்தது ஒரு பேச்சுதான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, எல்லயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவப் போய், அங்கேயே வெட்டுவதற்கும் பிறகு அடுப்புக்கும் முன்னேறியவள் அவள். கலியாணத்துக்குப் பிறகு, ஜெயகுமார் எழுதிப்போட்ட விண்ணப்பத்தில், கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றின் சமையல் போட்டிக்குத் தெரிவானாள். அங்கே பெரிய நடுவர் ஒருவர் அவள் கறியை வாயில் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டார். "உப்புத் தூக்கல்" என்றார். மற்றவர்கள் இதற்கெல்லாம் தலைகுனிந்து நிற்பார்கள். இவள் நிற்கவில்லை.

"ஐயா, உங்களுக்கு வேர்க்கல. அதான் தூக்கலாத் தெரியுது. எங்க ஆளுங்க கொழுந்துக் கூடையோட மலையேறி எறங்கிட்டு வந்து சாப்புட்டா, இதே பத்தலம்பாங்க."

நடுவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்துவிட்டார். அந்தத் துண்டு ஒவ்வொரு கைபேசியிலும் ஓடியது. போட்டியில் அவள் வெல்லவில்லை. வென்றது யார் என்று இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. பதுளை பஸாரில் அவள் நடந்தால் "உப்பு அக்கா! உப்பு அக்கா!" என்று கடைக்குக் கடை கூப்பிட்டார்கள்.

அதே தொலைக்காட்சி மறுபடியும் அழைத்தது. நாலு பேருக்குத் தெரிந்த முகங்களை ஒரே வீட்டில் அடைத்துவைத்து, தூங்குவதையும் சண்டை போடுவதையும் காட்டும் நிகழ்ச்சி அது. தலை வாராமல் எழுந்து வரும் சுதர்ஷினியை நாடே பார்த்தது. அவள் அழுததையும், ஒரு பாட்டுக்காரரைத் துடைப்பத்தோடு துரத்தியதையும், பிறகு அவருக்கே ரொட்டி சுட்டுக் கொடுத்ததையும் பார்த்தது. முதல் நாளே கமெராவைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிட்டிருப்பாரு... சாப்புட்டீங்களா?" என்று கேட்டுவைத்தாள். மறுநாள் பாடசாலையில் அதிபரிலிருந்து கடைசி வரிசை வாங்குப் பிள்ளைகள்வரை, "சேர், சாப்புட்டீங்களா?" என்று கேட்டார்கள். அந்த நிகழ்ச்சி முடியும்வரை அவனுக்கு அதிலிருந்து விடுதலை இல்லை.

அதன் பிறகுதான் கடை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அலவி நானாவின் கட்டடத்தில், "உப்பு அக்கா கடை" என்று பலகை ஏறியது. ரயிலில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர்களும், ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் வரும் தோட்டத்து ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அடுப்படிக்கு மட்டும் அவள் யாரையும் விடுவதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. கொரோனாக் காலத்தில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. போன மணமும் ருசியும் ஜெயகுமாருக்குத் திரும்பி வந்தன. அவளுக்கு வரவில்லை. முதலில் அவளுக்கே அது விளங்கவில்லை. நேரே அலவி நானாவிடம் சண்டைக்குப் போனாள்.

"நானா, என்னா மல்லித்தூள் இது? மக்கிப்போனதத் தள்ளி விடுறீங்களா?"

"அடி தங்கச்சி, இப்பதான் அரச்சு எறக்கினேன். தெருவே தும்முது, ஒனக்கு மணக்கலயா?"

திரும்பி வந்தவள் சமையலறை முக்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "வெளிய தெரியக் கூடாதுங்க" என்றாள். "உப்பு அக்காவுக்கே உப்புத் தெரியலன்னா, ஊரு சிரிச்சே நம்மளக் கொன்னுடும்."

பொறுத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். பொறுத்தார்கள். பொறுத்தது அப்படியே பழகிவிட்டது. கடுகு வெடிக்கும் சத்தம், ஓரத்தில் எண்ணெய் பிரியும் நேரம், வெங்காயத்தின் நிறம் எல்லாம் அவளுக்குக் கண்ணிலும் காதிலும் இருந்தன. உப்பு மட்டும் பார்த்தால் தெரியாது, கேட்டாலும் தெரியாது. அதற்கு அவன் நாக்கு. "இதுக்குத் தனியாச் சம்பளம் போடணும் போலிருக்கே" என்பாள்.

அவளுடைய சாப்பாடுதான் இன்னும் கடினம். ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று அவன் முகத்தைப் பார்ப்பாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "பாகக்கா முதல்ல கசக்குது. அப்புறம் தேங்காப்பால் வந்து அத ஆத்துது. விழுங்கின பிறகு நாக்கு நுனியில லேசா இனிப்பு" என்று அவன் சொல்வான். அவள் மெல்லத் தலையாட்டி மென்றுகொண்டிருப்பாள். எந்த வகுப்பையும் அவன் அவ்வளவு கவனமாக எடுத்ததில்லை.

அவள் போன பிறகு, கொண்டுவந்து கொடுப்பதை அவன் சாப்பிட்டான். ருசி தெரிந்தது. கசப்பு வந்தது, புளிப்பு வந்தது, சொற்களும் தாமாகவே வரிசையாக வந்து நின்றன. எதிரில் யாரும் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதியை ஸ்பிரிங்வெளியில், அவள் தாய் இராக்கம்மாவின் லயத்து வீட்டில் வைத்தார்கள். சுதர்ஷினியின் தாய்மாமன் தம்பையா முன்னின்று எல்லாம் பார்த்தார். நினைவு நிகழ்ச்சி எடுக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் அவளை வைத்து நிகழ்ச்சி செய்த மதுஷா கொழும்பிலிருந்து ஒரு கமெராக்காரரோடு வந்திருந்தாள். படையலைப் படம் எடுக்க வேண்டாம், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெயகுமார் சொன்னதும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

அவள் போன நாளிலிருந்தே ஒரு நினைப்பு அவனை விடாமல் பிடித்திருந்தது. உடம்போடு அந்தக் குறையும் போயிருக்க வேண்டும். அப்படியானால் இன்றைக்கு அவளுக்கு நாக்குத் திரும்பியிருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகு, யாரிடமும் கேட்காமல், அவளாகவே ருசித்துச் சாப்பிடப்போகும் முதல் சாப்பாடு இது. அதில் உப்புச் சரியாக இருக்க வேண்டும். பிறகு எத்தனை திவசம் வந்தாலும் முதல் சாப்பாடு இதுதான்.

"பருப்ப நான் வைக்கிறேன் அத்த" என்றான்.

அடுப்படியில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சேர் பாடம் நடத்தத்தான் தெரிஞ்சவருன்னு நெனச்சோம்" என்று ஒருத்தி சீண்டினாள். இராக்கம்மா அவளை முறைத்துவிட்டு அடுப்பை விட்டு நகர்ந்தார்.

"வைங்க மாப்புள. ஆனா படைக்கிற வரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது. தெரியுந்தானே?"

அவனுக்குத் தெரியும். படையல் சோற்றை முன்னால் ருசி பார்த்தால் அது எச்சில். ஆனால், தெரிந்திருந்ததன் அர்த்தம் பருப்பு வெந்து, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் இதுவரை ஒரு சட்டிக்கும் உப்புப் போட்டதில்லை. போட்டது அவள் கை. பார்த்தது இவன் நாக்கு. இப்போது அந்தக் கை இல்லை. இந்த நாக்கு இருந்தும் நீட்டக் கூடாது.

உப்புச் சிரட்டைக்குள் கையை விட்டான். அவள் எவ்வளவு அள்ளுவாள் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். அவள் முகம் வந்தது, வளையல் வந்தது, கையின் அளவு வரவில்லை. அள்ளியதைச் சட்டியில் போட்டுக் கிளறினான். இலை அறுக்க லயத்துக்குப் பின்னால் போனான்.

படைத்தார்கள். இலையில் சோறும் பருப்பும் மரக்கறிகளும், பக்கத்தில் செம்பில் தண்ணீரும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். உள்ளே அவள் சாப்பிட வேண்டிய நேரம் அது. ஜெயகுமார் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். முதல் கவளம் உள்ளே போனதும் பேச்சு நின்றது. மதுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரமப்பட்டு விழுங்கி, "அக்காவோட கை அப்படியே இருக்கு சேர்" என்றாள். கமெராக்காரர் தண்ணீரைத் தேடினார். தம்பையா மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னா மாப்புள, நம்ம ஊவா மலைக்குக் கடல் வந்துருச்சா?"

பந்தி முழுக்கச் சிரிப்புப் பரவியது. "உப்பு அக்கா வீட்டுச் சாப்பாடுன்னா சும்மாவா!" என்றது ஒரு குரல். "நமக்குத்தான் இன்னைக்கு வேர்க்கல!" என்றது இன்னொன்று. அழுது அழுது வீங்கிய முகங்களெல்லாம் சிரித்தன. ஜெயகுமாரும் ஒரு வாய் வைத்தான். அது தூக்கல் இல்லை, வெறும் உப்பு. அவனால் சிரிக்க முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய், கவிழ்த்து வைத்திருந்த உரலின் மேல் உட்கார்ந்தான்.

பின்னாலேயே இராக்கம்மா வந்தார்.

"மாப்புள, நீங்க உப்புப் போட்டீங்களா?"

"போட்டேன் அத்த."

"ஐயோ! ஆம்பளப் புள்ள மறந்திருப்பீங்கன்னு, நீங்க எலை அறுக்கப் போனப்ப நானும் ஒரு கை போட்டுட்டேனே! வாயில வைக்கக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டேன். அப்புறம் எப்புடித் தெரியும்?"

அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"விடுங்க. உப்புத்தானே. அதுக்குப் போயி இப்புடி ஒக்காந்திருக்கீங்க?"

"அவ இன்னைக்குத்தான் அத்த சாப்புடுறா" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். காய்ச்சலை, மல்லித்தூளை, உள்ளங்கையை. சொல்லக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதையும் சொன்னான்.

இராக்கம்மா சுவரில் சாய்ந்து நின்றார். "போன பொங்கலுக்கு வந்தா. நான் வச்ச கத்தரிக்கா கொழம்ப ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாளே. எனக்கு இப்புடி வராதும்மான்னாளே. அதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல அத்த. நீங்க அடுப்புப் பக்கம் போனதும் எங்கிட்டக் கேட்டா. நான் சொன்னேன். அப்புறந்தான் ரெண்டாவது தடவ வாங்கினா."

"என்னா சொன்னீங்க?"

"புளி முன்னால வருது. வெந்தயம் கடைசியில லேசாக் கசக்குது. நீ சின்ன வயசுல சாப்புட்ட மாதிரியேதான் இருக்கும்னு சொன்னேன்."

இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தேயிலைக் கறை ஏறிய விரல்களால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்ப இன்னைக்கு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா மாப்புள?" என்று கேட்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இதைத்தான் அவனும் சாத்திய கதவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த உப்புத் தெரியாம இருக்குமா அத்த? தம்பையா மாமாவுக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு."

இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஜெயகுமார் உரலில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள்.

முன்பக்கம் வந்தபோது மதுஷா ஒலிவாங்கியோடு காத்திருந்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சேர். அக்காவோட கைப்பக்குவத்துக்கு என்ன ரகசியம்?"

இராக்கம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றான் ஜெயகுமார். "அவ கேப்பா. கேட்டுட்டுத்தான் போடுவா."

மதுஷாவுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டுக் கமெராவை நிறுத்தச் சொன்னாள்.

பின்னேரம்வரை யாருக்கும் தாகம் அடங்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் தீர்ந்தது. குழந்தைகள்கூடச் செம்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தன. "இன்னொரு தரம் மாப்புளய அடுப்புக்கிட்ட விட்டா ஆறே வத்திரும்" என்று தம்பையா மாமா புலம்பினார். ஜெயகுமார் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனான். கீழே, மலையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் யாருக்காகவும் காத்திராமல் கொட்டிக்கொண்டிருந்தது. வாளியை வைக்கும் முன் குனிந்து, வாயைக் கொடுத்துக் குடித்தான். ஸ்பிரிங்வெளிப் பீலியில் வெயில் காலமானாலும் மழைக் காலமானாலும் தண்ணீருக்கு ஒரே குளிர்தான். அன்றும் பல் கூசியது.