ஓரத்தில் எழுதிய பேச்சு

மேலாளர் அம்மாள் கணினித் திரையை, நேர்முகத்துக்கு வந்திருந்த பெரியவளின் பக்கம் திருப்பியதும், அவள் முதலில் தன் புகைப்படத்தைப் பார்த்துத்தான் கூசிப்போனாள். தங்கையின் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள் வெட்டுப்படாமல் காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இந்த ரெஸ்யூமை யார் செஞ்சு குடுத்தாங்க?”

“என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் மேடம். அவர் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கற வேலையிலதான் இருக்கார்.” சொல்லும்போதே குரலில் பெருமை வந்து உட்கார்ந்தது.

“தெரிஞ்சவங்கதான் செஞ்சிருக்காங்க,” என்றார் மேலாளர். சிரிக்கவில்லை. “எடுத்த எடுப்பில தூக்கிப் போட என்னென்ன வேணுமோ அத்தனையும் இருக்கு. மூணு பக்கம். மெயில் முகவரி செல்லக்குட்டி. பொழுதுபோக்கு தூக்கம். மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யற எங்களைப் போய் ‘புகழ்பெற்ற உங்கள் மருந்து நிறுவனம்’னு எழுதியிருக்கு. ஒன்பது வருஷம் லென்ஸ் சோதிச்சிருக்கீங்க. அது மூணாவது பக்கத்துல அடியில கெடக்கு.”

பெரியவளுக்குக் காது மடல் கொதித்தது. “இப்பல்லாம் இப்படித்தான் கேக்கறாங்க அக்கா” என்று சின்னவள் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள். அம்மா விழுந்து படுத்த படுக்கையானதும் வேலையை விட்டவள். உலகம் மாறியிருக்கும், தனக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டாள். மாதக்கணக்காகத் தங்கைதான் விண்ணப்பங்களை அனுப்பினாள். எங்கிருந்தும் ஒரு பதில் இல்லை. நமக்குத்தான் மவுசு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். இந்தக் கம்பெனிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளிலும் “நாளைக்கு அனுப்பறேன்” என்று தங்கை சொல்லவே, பொறுக்காமல் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கணினிக் கோப்புகளிலிருந்து தானே எடுத்துப் போனிலிருந்து அனுப்பிவிட்டாள்.

“போன்ல பார்த்தா ஓரத்துல இருக்கறது தெரியாது,” என்றார் மேலாளர். “இதுல தெரியும். படிச்சுக்குங்க.”

ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துபோயிற்று. தங்கைக்குப் பகல் வேலை, மாப்பிள்ளைக்கு இரவு வேலை. பால் வாங்குவதிலிருந்து கோபதாபம் வரை இருவருக்கும் இப்படிக் கணினிக் கோப்பின் ஓரத்தில் குறிப்பெழுதித்தான் பேச்சு. “சண்டையையும் அதுலயே போட்டுக்குங்க, எனக்குச் சத்தமாவது மிச்சம்” என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

மாப்பிள்ளை எழுதியிருந்தார்: ‘ஒரே பக்கம் போதும். படம் வேண்டாம். லென்ஸ் வேலையை மேலே கொண்டு வா.’

தங்கை: ‘இருக்கட்டும் விடுங்க. அக்கா வேலைக்குப் போயிட்டா அம்மாவை யார் பார்க்கறது? நானா?’

‘பாவம்டி உங்க அக்கா.’

‘பாவம் பார்த்தா என் வேலைதான் போகும். இப்படியே இருக்கட்டும்.’

‘சரி. மருந்து கம்பெனின்னு போடு. ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.’

அவள் திரும்பப் படித்தாள். எழுத்துகள் அப்படியேதான் இருந்தன. கத்தத் தோன்றவில்லை, அழவும் வரவில்லை. காலையில் வாசல்வரை வந்து, தோளில் கிடந்த நூலை எடுத்துப் போட்ட தங்கையின் விரல்கள்தான் நினைவில் வந்தன. நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது “கூப்பிட்டாங்களா!” என்று சின்னவள் அலறினாளே, அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு இவள் அவளைக் கட்டிப்பிடித்திருந்தாள். கட்டிப்பிடித்த கைகள் இப்போது மடியில் கிடந்தன, வேறு யாருடையவோ போல.

தங்கைக்கு அம்மா பாரம் என்பது இவளுக்குத் தெரியும். இவளுக்கும் பாரம்தான். வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை இவளே வீட்டில் இருந்திருப்பாள். அந்த நினைப்புதான் இன்னும் அதிகமாகத் திகைக்க வைத்தது.

“மேடம், இதைப் படிச்சிட்டும் ஏன் கூப்பிட்டீங்க?”

“குறை கண்டுபிடிக்கறதுதான் இங்க பொழப்பு. வேணும்னே குறை வெச்ச சரக்கை இப்பத்தான் பார்க்கறேன். உள்ள என்னதான் இருக்குன்னு பார்க்கத் தோணிச்சு.” ஒரு தட்டு லென்ஸ்களை அவள் பக்கம் நகர்த்தி விளக்கைப் போட்டார்.

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு முதல் லென்ஸை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். விளிம்போரம் முடியளவு கீறல். தனியே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

தட்டு காலியானதும், ஒதுக்கியவற்றை மேலாளர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “திங்கக்கிழமை வந்துடுங்க. ரெஸ்யூமை மட்டும் நீங்களே புதுசா எழுதிக் கொண்டாங்க. ஒரே பக்கம்.”

வீட்டில் மாப்பிள்ளை தூங்கி எழுந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அன்று விடுப்பு போட்டிருந்த சின்னவள், அம்மாவின் போர்வையைப் பாதி மடித்தபடி அறையிலிருந்து வந்தாள். “என்னக்கா ஆச்சு?”

“திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க.”

“அய்யோ, அப்போ அம்மா?” வாய் முந்திக்கொண்டது. பிறகுதான் சிரிப்பு வந்தது, தாமதமாக. “இல்லக்கா, ரொம்ப சந்தோஷம்க்கா.”

பெரியவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தங்கையின் முகத்தை, விளக்கடியில் வைத்துப் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தாள்.

“அம்மாவை யார் பார்க்கறதுன்னு நீயும் மாப்பிள்ளையும் ஓரத்துல எழுதிப் பேசிக்குங்க. இனிமே நானும் படிப்பேன்.”

மாப்பிள்ளை கையில் தேநீர்க் குவளை அந்தரத்தில் நின்றது. போர்வை தரையில் விழுந்து கிடந்தது. அறைக்குள்ளிருந்து அம்மா, “வந்துட்டாளா? என்னடி சொன்னாங்க?” என்று கேட்டாள். சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.