முதுநகரில் ஏறிய எலுமிச்சம்பழம்

...வரல, இன்னும் வரல, ஆலப்பாக்கம் தாண்டியாச்சு, வயிறு கம்முனு இருக்கு, கம்முனு இருக்கறதுதான் பயமா இருக்கு, பஸ்ஸா இருந்தா இந்நேரத்துக்கு வாயில எச்சி ஊறி, காது அடைச்சி, பின் சீட்டுக்காரன் தலைய வெளிய நீட்டும்மான்னு கத்தியிருப்பான் என்று நினைத்தபடி சிவகாமு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை லேசாகத் தளர்த்திப் பார்த்தாள், எதுக்கு வம்பு என்று மறுபடி பிடித்துக்கொண்டாள். மடியில் கைப்பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா, டப்பா மேலே ஒரு எலுமிச்சம்பழம், மடித்து வைத்த ஒரு கேரி பேக். பழமும் பையும் அவள் வைத்ததில்லை, புருஷன் சுப்புராயன் வைத்தது. கடலூர் முதுநகர் ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதுக்கும் இருக்கட்டும் சிவகாமு, உன் ஒடம்பு உனக்குத் தெரியாதா, ஒரு நாள் போய்ட்டு வா, நாளைக்கி நீயே வேணாம்னுடுவ, என்றான். கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை, கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுவிடலாம். கேலியா கரிசனமா என்று கல்யாணமான நாளிலிருந்து பிரிக்க முடியாத ஒரு சிரிப்பு அவனுக்கு, அந்தச் சிரிப்போடுதான் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

சிதம்பரம் மேலவீதியில் ஹிதாயத்துல்லா பாயுடைய மேட்சிங் சென்டர், அங்கேதான் அவளுக்கு வேலை... இருந்தது. புடவையைக் கொண்டுவந்து விரித்தால் போதும், இந்த அரக்குக்கு இந்த ரவிக்கைத் துணிதான் என்று அலமாரியைப் பார்க்காமலேயே கையை நீட்டுவாள். சுனாமி வந்த வருஷம்கூட ஓடின சின்ன லைன் ரயில், காலையில் ஏறினால் ஆடி அசைந்து கொண்டுபோய் விடும், ஒரு நாளும் வயிறு புரட்டினதில்லை. அப்புறம் பெரிய லைன் போடுறோம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். பஸ்ல போயேன்னு ஊரே சொல்லிச்சி, சரி பாத்துடலாம் என்று சுப்புராயனும் ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே வந்தான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையில் பழத்தையும் பையையும் தயாராக வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கிட்டு, வருதா, வருதா, சொல்லிடு, வருதா... ஆலப்பாக்கத்தில் வந்துவிட்டது. இறக்கி, முகம் கழுவவிட்டு, எதிர் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இதோட வுடு, என்றான். விட்டாள். ரயில் வுட்டதும் வாம்மா, ஒன் எடம் எங்க போவப்போவுதுன்னு பாய் போனில் சொன்னார், சொல்லி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, ரயில் இந்த வாரந்தான் வுட்டாங்க, அதற்குள் எத்தனை பொண்ணுங்க வந்து நின்னிருக்கும். முன்கூட்டி ஒரு போன் போட்டிருக்கலாம். இல்லன்னு சொல்லிட்டா ரயில் ஏறவே சாக்கு இல்லாம போயிடும் என்றுதான் போடவில்லை.

புதுச்சத்திரம்... சவுக்குத் தோப்பு, முந்திரி, பனை, இறால் குட்டை மேல் வெயில் விழுகிறது, அது என்ன கலர், வெள்ளி இல்ல, சாம்பல் இல்ல, புறாக் கழுத்தில் கொஞ்சம் ஊதா தட்டினாப்போல, பாய் கடை மூணாவது தட்டில் இடது ஓரம் இருக்கும், இருந்தது, இப்ப எங்க மாத்தி வச்சிருக்காளோ புதுசா வந்தவ. எந்தப் புதுசு, யாரும் வந்திருக்காங்களா, உனக்குத் தெரியுமா, நீயா ஏன் ஒருத்திய உக்கார வச்சி அவகூட சண்ட போடுற. சண்டை போட்டாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மூணு வருஷமாக அடுப்பங்கரை டைல்ஸ் கலர் ஒன்றைத்தானே பார்த்தாள், இப்போது ஜன்னல் முழுக்கத் துணிக் கடை ஓடுகிறது, சிவகாமு வாய்விட்டே கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று சொல்லிக்கொண்டு வந்தாள், எதிர் சீட்டு அம்மா ஏதோ ஸ்லோகம் என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டாள்.

பரங்கிப்பேட்டையில் ஏறின கூட்டத்தில் ஒரு கருப்பு புர்கா நேராக அவளிடம் வந்து நின்றது, முகத்திரையைத் தூக்கினால் நிலோஃபர், பாய் கடைக்கு அடுத்த தையல் கடைப் பொண்ணு, அந்தக் காலத்தில் தினமும் ரயிலில் ஒன்றாகப் போய்வந்த செட்டில் கடைக்குட்டி. அக்கா, நீங்கதானா, வருவீங்கன்னு பெட் கட்டியிருக்கேன்க்கா. யாருகிட்டடி. பாய்கிட்டதான், ரயில் வுட்டாச்சே, சிவகாமு வருமா வராதான்னு வாரம் பூரா எங்கள உசுர எடுக்குறாரு, வர்ற பொண்ணுங்க மெஜந்தாவ எடுத்து ரோஸ்னு குடுக்குதுங்களாம், ஒண்ணும் நிலைக்கல. சிவகாமுவுக்குத் தொண்டையில் ஏதோ ஏறியது, ஐயோ வந்துடுச்சா என்று ஒரு நொடி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அது அழுகை. அதற்குள் வெள்ளாற்றுப் பாலம். நிலோஃபர் வாய்மேல் விரலை வைத்தாள். அந்த செட்டின் சட்டம் அது, பாலம் தாண்டும் மட்டும் யாரும் பேசக்கூடாது, முதலில் வாய் திறந்தவள் சாயங்காலம் எல்லாருக்கும் வேர்க்கடலை வாங்கணும். சின்ன லைனில் பாலம் ஊர்ந்து ஊர்ந்து தீரும், மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள், இன்றைக்கு என்னடான்னா தடதடவென்று கண்ணை மூடித் திறப்பதற்குள் பாலத்தின் கடைசிக் கம்பி வந்துவிட்டது, என்னடி இது அதுக்குள்ள, என்று சிவகாமுதான் கேட்டாள், தோற்றாள்.

கிள்ளை வந்ததும் பழைய ஆட்கள் எல்லாம் பழக்கப்படி எழுந்து வாசல் பக்கக் கதவில் அடைந்துகொண்டார்கள், ஸ்டேஷன் வாசல் இருக்கும் பக்கம், அந்தக் கதவில் நின்று இறங்கினால் நாலு எட்டில் வெளியே போய்விடலாம். சிவகாமு எல்லாருக்கும் முன்னால் நின்றாள். காற்று, வயல், முதல் கோபுரம் தெரிந்தது, இன்னொன்று, வண்டி மெதுவாகி நிற்கிறது, கதவுக்குக் கீழே பிளாட்பாரம் இல்லை, ஜல்லியும் தண்டவாளமும் கிடக்கிறது. புது லைனில் பிளாட்பாரம் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இந்த ஊருக்குப் புதுசானவர்கள் நிம்மதியாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், மாயவரம் போகிற கூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. சிவகாமுவுக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது, இங்க எறங்கலன்னா சாயங்காலம் அந்தச் சிரிப்ப பாக்கணும். நவுருங்க, கொஞ்சம் நவுருங்க, எறங்கணும் சார், யோவ் வழி வுடுய்யா... யோவ் என்று சொன்னது தானா என்று யோசிக்க நேரமில்லை, நிலோஃபர் கையை இறுகப் பிடித்து, ஒரு அரிசி மூட்டையைத் தாண்டி, யார் காலையோ மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு, வண்டி அசையும் முன்னால் ரெண்டு பேரும் சிமெண்ட் தரையில் நின்றார்கள். செருப்பு ரெண்டும் காலில் இருந்தது. நிலோஃபர் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள், யோவ்வாக்கா, நீங்களா. வண்டி போய்விட்டது. சிதம்பரம், சிதம்பரத்தின் வெயில், காபிக் கடை வாசனை, வந்துட்டேன், முழுசா வந்துட்டேன்.

டிக்கெட்டுக்காகப் பைக்குள் கை விட்டாள், எலுமிச்சம்பழம் தட்டுப்பட்டது. அட, இத மறந்தே போயிட்டேனே, வயித்த எப்ப மறந்தேன், பரங்கிப்பேட்டையிலயா, அதுக்கும் முன்னாடியா... இந்தப் பெட்டி பஸ்ஸைவிட ஜாஸ்தியாகத்தான் குலுங்கியது, வேகமும் ஜாஸ்தி, ஜன அடைசலும் அப்படித்தான், ஆனாலும் வரல. பஸ்ஸில் மட்டும் ஏன் வருது. ஸ்ரீமுஷ்ணத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போது வந்தது, நாத்தனார் கல்யாணத்துக்குப் போகும்போது வந்தது, அந்த ஆலப்பாக்கம் நாளில் வந்தது, ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டில் இந்தப் பழம், இந்தப் பை, அவள் முகத்தையே பார்க்கிற அந்த முகம், வருதா, வருதா... தனியா? தனியா எப்பவாச்சும்... சிவகாமு பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டாள். ஒரு தடவைகூட இல்லை. இந்த வயசு வரைக்கும் ஒரே ஒரு தடவைகூட அவள் தனியாக பஸ் ஏறினதில்லை.

வாங்கக்கா, பாய் கடை தொறந்திருப்பாரு, என்று நிலோஃபர் முன்னால் நடந்தாள். சிவகாமு பழத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள், ஜூஸ் போட்டுக் குடி. அப்புறம், ஏதோ வேறு யாருக்காகவோ விசாரிக்கிற மாதிரி கேட்டாள், நிலோ, சாயங்காலம் கடலூருக்கு பஸ் எப்பெப்பம்மா?