நார்மன் படித்த நாலு

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தேவாலயத்து மணிக்கூண்டின் அடியில் நின்றுகொண்டு, நார்மன் ஆஷ்வர்த் மணமகளின் தாயைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக, "உயிருக்கு அப்புறம் சாவு!" என்று கத்தினார்.

அவர் சொல்ல வந்தது வேறு. மூன்றாம் மணிக்குப் பின்னால் நாலாம் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஹாக்ஸ்வெல் தேவாலயத்தில் ஆறு மணி, ஆறு கயிறு, ஆறு பேர். எதற்குப் பின்னால் எது என்று தலைவர் கத்திக் கத்தி வரிசையை மாற்றிக்கொண்டே போவார். காலமெல்லாம் இங்கிலீஷில் கத்திய தலைவர் நார்மன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஹாங்காங் பாஷையான கான்டனீஸில் கத்தினார். அந்த பாஷையில் மூன்று என்பது உயிர் பிறப்பதைப் போலக் கேட்கும். நாலுக்கு 'ஸெய்'. குரல் ஒரு இழை பிசகினால் அதுவே சாவு. பிசகாவிட்டாலும் சாவின் வாடை அடிக்கும். ஹாங்காங்கில் எத்தனையோ கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கு மேலே நேராக ஐந்தாம் மாடிதான்.

அந்த நாலாம் கயிறு மணமகளின் தாய் யூக்லானின் கையில்தான் இருந்தது.

"எப்படி?" என்று நார்மன் ஆசையாகக் கேட்டார். "குளிர்காலம் பூரா படிச்சேன். குளிக்கும்போது, நாயோட நடக்கும்போது, விடாம. எங்க நாய்க்கே இப்ப ஆறு வரைக்கும் எண்ணத் தெரியும். கல்யாணத்தன்னைக்கு உங்க சொந்தக்காரங்க முன்னாடி உங்க பாஷையிலயே கூப்பிடணும்னு ஒரு ஆசை."

எழுபது வயது மனிதர் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நிற்கிறார். யூக்லான் என்னதான் சொல்வாள்? "பிரமாதம்" என்றாள். சொன்ன வாயை அப்போதே கிள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் ஹாங்காங்கை விட்டு இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீடு தேவாலயத்துக்குப் பின்புறம். செவ்வாய்க்கிழமை தோறும் இந்த மணிச் சத்தத்தில் டிவியில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை என்று புகார் சொல்லத்தான் முதலில் போனாள். அவர்கள் ஆளுக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்கள், டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். டீயைக் குடித்து முடித்தபோது அவள் கையில் கயிறு இருந்தது. ஆறு வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும், இங்கிலீஷ் வேண்டியதில்லை. வந்த ஊரில் அவளை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரும் நார்மன்தான். அந்த மனிதரிடம் போய், நீங்கள் படித்தது சாவு என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது. மணமகளின் அத்தை வருகிறாள். யூக்லானின் பெரிய நாத்தனார் புய்சான், ஹாங்காங்கிலிருந்து ஒரு கும்பலையே கிளப்பிக்கொண்டு வருகிறாள். பெண் வெள்ளை கவுன் போடப்போகிறாள் என்று கேட்டதுமே ஃபோனில், "வெள்ளையா? யாரு செத்தாங்க?" என்று கேட்ட மகராசி. மணி அடிக்கும் இடத்துக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சாவு சாவு என்று கத்தினால், புய்சான் கும்பலோடு எழுந்து போய்விடுவாள். போனால்கூடப் பரவாயில்லை. பிற்பாடு பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அன்றைக்கே சொன்னேனே என்பாள். அதைவிட, யூக்லானுக்கே பயமாக இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே பயமாக இருந்தது. இருப்பது ஒரே பெண்.

"நேராச் சொல்லிடேன்" என்றான் அவள் புருஷன்.

"நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கும் அவருக்கும் என்ன பழக்கம்?" என்று அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த செவ்வாய் அவள் சுற்றி வளைத்துப் பார்த்தாள். "நார்மன், உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்? இங்கிலீஷ்லயே கூப்பிடலாமே?"

"சிரமமா? சேச்சே, ஒரு சிரமமும் இல்லை."

"உங்க தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"தேன் குடிக்கிறேன்."

"எங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ் நல்லாவே புரியும்."

"புரியும்னு தெரியும். ஆனா உங்க பாஷை காதுல விழுந்தா மனசுக்கு எப்படி இருக்கும்! அதுதானே விஷயம்?" என்று நார்மன் கண்ணைச் சிமிட்டினார். நல்ல மனுஷனிடம் மாட்டிக்கொண்டால் தப்பவே முடியாது.

அப்போதுதான் அவளுக்குப் புத்தியில் ஒரு மின்னல். "ஒரே ஒரு சின்னத் திருத்தம்" என்றாள். "'ஸெய்' இல்லை, 'ஸீ'. நீட்டணும். குரலை உச்சியில வெச்சு அப்படியே நிறுத்தணும். ஸீ."

"ஸீ!" என்றார் நார்மன் பயபக்தியோடு. "அடடா, குளிர்காலம் பூரா தப்பாவே சொல்லிட்டு இருந்தேனா? நல்லவேளை சொன்னீங்க!"

குரல் உச்சியிலேயே நின்றால் 'ஸீ' என்பது பட்டு. உயிருக்கு அப்புறம் பட்டு. கல்யாண வீட்டில் இதைவிட மங்கலமாக என்ன வேண்டும்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். தான் ஒன்றுதானே சொன்னோம், இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது என்று யூக்லான் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அவர் அந்த 'ஸீ'யை முணுமுணுத்துக்கொண்டே நாயைக் கூட்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

கல்யாண நாள் சனிக்கிழமை, நல்ல வெயில். பெண் வருவதற்கு முன்னால், விருந்தாளிகள் உட்காரும் நேரத்தில் மணி அடிக்க வேண்டும். சிவப்புப் பட்டு உடுத்தி, தலையில் பூ வைத்துக்கொண்டு யூக்லான் நாலாம் கயிற்றைப் பிடித்தாள். திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்வரிசையில் போட்டிருந்த இடத்தை விட்டுவிட்டு, முழங்கால் வலி, வாசல் பக்கம்தான் சௌகரியம் என்று புய்சான் கடைசி பெஞ்சில் தன் கும்பலோடு உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

மணிகள் கிளம்பின. நார்மன் புது டையைச் சரிசெய்துகொண்டு, மூச்சை இழுத்து, ஆறு மணிகளின் சத்தத்தையும் தாண்டிக் கத்தினார்.

ஒத்திகையில் மெதுவாகச் சொன்னபோது குரல் சொன்ன இடத்தில் நின்றது. முழுத் தொண்டையைத் திறந்து கத்தும்போது அது இங்கிலீஷ்காரக் குரல் ஆகிவிட்டது. வாசலில் நின்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி கடைசியில் ஏறியது. ஏறினால் 'ஸீ' பட்டு இல்லை. பீ.

"உயிருக்கு அப்புறம் பீ!" என்றார் நார்மன், தேவாலயம் அதிர. "அஞ்சுக்கு அப்புறம் பீ!"

யூக்லான் கண்ணை மூடிக்கொண்டாள். மணி ஒரு தடவை கிளம்பிவிட்டால் கயிற்றை நடுவில் விட முடியாது. விட்டால் அது சாட்டை மாதிரி சுழன்று ஆளை அடிக்கும். இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பீ. திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு மூச்சு இல்லை. எழுந்து போய்விட்டார்கள் போலிருக்கிறது, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். அப்புறம் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. புய்சான் சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. ஒருத்தி வெடித்ததும் பெஞ்சு முழுவதும் வெடித்தது. திரையை விலக்கிக்கொண்டு ஏழெட்டு முகங்கள் எட்டிப் பார்த்தன, எல்லாவற்றிலும் கண்ணீர். நார்மன் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் இன்னும் பலமாகக் கத்தினார்.

மணி ஓய்ந்ததும் புய்சான் உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஏண்டி, அந்த ஆளு என்ன பீ பீங்கறாரு?"

"நாலுன்னு சொல்றார், அண்ணி. நான்தான் வேணும்னே மாத்திச் சொல்லிக் குடுத்தேன். நாலுன்னு கேட்டா நீங்க எழுந்து போயிடுவீங்களேன்னு..."

"போறதா? இதை விட்டுட்டா?" புய்சான் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பீயை மிதிச்சவனுக்குத்தான் யோகம்னு எங்கப்பா சொல்வாரு. இத்தனை தடவை மிதிச்சாச்சு, இனிமே உன் பொண்ணுக்கு என்னடி குறை? பாவம்டி அந்த மனுஷன். போய் உண்மையைச் சொல்லு."

கல்யாணம் முடிந்து எல்லாரும் புல்வெளியில் இறங்கினார்கள். நார்மன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். "அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

யூக்லான் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாலு, சாவு, பட்டு, கடைசியில் அது. சொல்லச் சொல்ல நார்மனின் முகம் அவள் உடுத்தியிருந்த பட்டைவிடச் சிவந்தது.

"அப்ப நான் கோயிலுக்குள்ள, அத்தனை பேர் முன்னாடி..."

"ஆமா."

"பாதிரியார் முன்னாடியும்."

"அவருக்குப் புரியலை."

நார்மன் புல்லைப் பார்த்தார். நட்பு இதோடு சரி என்று யூக்லான் நினைத்தாள். அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

"சரி. நீங்க நேராச் சொன்னதால நானும் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க ஒவ்வொரு இழுப்பும் லேட். வந்த நாள்லேர்ந்து லேட். உங்களுக்கு அடுத்த மணி அடிக்கிறவர் உங்களாலதான் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடறார்."

"ரெண்டு வருஷமாச் சொல்லாம வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று யூக்லான் புருஷனிடம் போடுகிற சத்தத்தைப் போட்டாள். "ஊர் பூரா என் மணியைக் கேட்டுச் சிரிச்சிருக்கும்! வாங்க உள்ளே. எங்க லேட்டுன்னு இப்பவே காட்டுங்க."

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெளியே போட்டோக்காரர் மணமகளின் தாயைக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்தார். மணிக்கூண்டிலிருந்து நாலாம் மணி தன்னந்தனியாக ஒரு தடவை ஒலித்தது.

"லேட்!" என்று கத்தினார் நார்மன், மன்னிப்புக் கேட்காமல்.